'ஆப்ட் அப்டேட்' கொடுத்தும் மென்பொருள் ஏன் பழையதாகவே இருக்கிறது?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கற்கும் கட்டளை பெரும்பாலும் 'சூடோ ஆப்ட் அப்டேட்' ஆகத்தான் இருக்கும். எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் முதல் வரியில் அது நிற்கிறது. எடுத்து, கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் ஒட்டுகிறார், கடவுச்சொல் கொடுக்கிறார், திரையில் வரிகள் ஓடி முடிகின்றன. அப்புறம் லிப்ரேஆபீஸைத் திறந்து பார்த்தால் அதே பழைய பதிப்பு. இன்னொரு நாள் 'இந்தப் பொதிகள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன' என்ற பொருளில் ஒரு வரி வருகிறது (மென்பொருள் வந்து சேரும் கட்டுதான் பொதி). வேறொரு நாள் ஒரு சின்ன நிரலை நிறுவப் போனால், பத்து இருபது பொதிகளை நீக்கட்டுமா என்று கேட்கிறது. எதற்கு ஆம் சொல்வது, எதற்கு வேண்டாம் சொல்வது என்று தெரியாமல் பலரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' தட்டிவிடுகிறார்கள்.

மென்பொருள்களை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணுவதால்தான் இவ்வளவு குழப்பமும். பட்டியலைப் பெறுவது, கணக்குப் போடுவது, கோப்புகளை இறக்குவது, அவற்றை நிறுவுவது என்று அதற்குத் தனித்தனிப் படிகள் உண்டு. இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தவருக்குத் திரையில் ஓடுவது புரியும்.

இங்கே சொல்வது டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல், அதன் வழிவந்த உபுண்டு, லினக்ஸ் மின்ட், ராஸ்ப்பெரி பை ஓஎஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். பெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன், மேக்கில் ஹோம்ப்ரூ என்று கருவிகளின் பெயர் மாறும். ஆனால் அடிப்படை ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்.

பொதிக்குள் என்ன இருக்கிறது

டெபியன் உலகில் ஒரு மென்பொருள் 'டெப்' என்ற பின்னொட்டு கொண்ட கோப்பாக வருகிறது. அதைப் பிரித்தால் உள்ளே மூன்று துண்டுகள் இருக்கும். முதலாவது, பொதி வடிவத்தின் பதிப்பு எண் மட்டுமே கொண்ட ஒரு சிறு கோப்பு. இரண்டாவது, பொதியைப் பற்றிய தகவல்: பெயர், பதிப்பு, பராமரிப்பவர், வேறு எவையெல்லாம் இருந்தால் இது ஓடும் என்ற விவரம். மூன்றாவதுதான் உண்மையான சரக்கு, அதாவது கணினியில் போய் உட்கார வேண்டிய கோப்புகள்.

இரண்டாவது துண்டில் இன்னொன்றும் இருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. நிறுவுவதற்கு முன்னும் பின்னும், நீக்குவதற்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு நிரல்கள் அவை. அவை, கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமையோடு ஓடுகின்றன. முகம் தெரியாத ஒரு தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி நிறுவினால், அதைத் தயாரித்தவருக்கு உங்கள் கணினி முழுவதையும் அந்த நொடிக்குத் திறந்து விடுகிறீர்கள். மென்பொருளைத் திறக்கவே இல்லை, நிறுவி மட்டும் வைத்தேன் என்று சொல்வதில் பயனில்லை. நிறுவும்போதே அந்த நிரல்கள் ஓடி முடிந்திருக்கும்.

டெபியன் திட்டத்தை இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் அறிவித்தார். டெப் கோப்பைப் பிரித்து நிறுவும் டிபிகேஜி என்ற கருவி அதன் தொடக்க ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் டிபிகேஜிக்கு ஒரு எல்லை உண்டு: கையில் கொடுத்த கோப்பை மட்டும் நிறுவும். அதற்கு வேறு ஐந்து பொதிகள் தேவையென்றால் 'இவை இல்லை' என்று முறையிட்டு நின்றுவிடும். அந்த ஐந்தையும் தேடி இறக்குவது பயனர் பாடு. அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் 1998இல் ஆப்ட் உருவானது, 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் அது சேர்ந்தது. நெடுங்காலம் 'ஆப்ட்-கெட்', 'ஆப்ட்-கேஷ்' என்று இரு கட்டளைகளாகப் பயன்பட்டது. நாம் இன்று தட்டும் 'ஆப்ட்' என்ற குறுங்கட்டளை 2014இல்தான் வந்தது. பழைய வழிகாட்டிகளில் 'ஆப்ட்-கெட்' என்றிருந்தால் திகைக்க வேண்டாம், அடித்தளம் ஒன்றே.

ஒன்று கேட்டால் பல ஏன் வருகின்றன

படமாக இருக்கும் தமிழ் அச்சுப் பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற நிரல் உண்டு. தமிழுக்கான தரவு 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற தனிப் பொதியாகக் கிடைக்கிறது. டெசராக்ட் இல்லாத கணினியில் அந்த ஒரு பெயரை மட்டும் கொடுத்து நிறுவச் சொல்லுங்கள். திரையில் வரும் பட்டியலில் டெசராக்ட் நிரல் இருக்கும், அதன் நிரலகம் (நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான குறிமுறைத் தொகுப்பு) இருக்கும், படங்களைக் கையாளும் லெப்டோனிகா இருக்கும். கூடவே ஆங்கிலத் தரவும், பக்கம் எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று கண்டறியும் தரவும் இருக்கும்.

நான் தமிழ்தானே கேட்டேன், ஆங்கிலம் எதற்கு? தமிழ்த் தரவு தானாக எதையும் செய்யாது, அதற்கு டெசராக்ட் வேண்டும். டெசராக்ட் பொதியின் குறிப்பில் ஆங்கிலத் தரவு கட்டாயத் தேவையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆப்ட் அந்தச் சங்கிலியை கடைசிக் கண்ணி வரை பின்தொடர்ந்து மொத்தப் பட்டியலையும் தயார் செய்கிறது. இதைத்தான் சார்பு என்கிறோம். சார்பிலும் தரம் உண்டு: சில கட்டாயம், சில பரிந்துரை, சில வெறும் யோசனை. கட்டாயமும் பரிந்துரையும் இயல்பாகவே நிறுவப்படும். வட்டில் இடம் குறைவான கணினியில் பரிந்துரைகளைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவு ஒன்று உண்டு.

ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து வந்தால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று தோன்றலாம். ஒரே பாத்திரத்து மாவில் இட்லியும் ஊற்றுகிறோம், தோசையும் வார்க்கிறோம். நிரலகங்களும் அப்படித்தான், ஒரு நிரலகத்தை நூறு நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. இட மிச்சம் இதில் சின்ன லாபம். பெரிய லாபம் பாதுகாப்பில் இருக்கிறது.

2014 ஏப்ரல் 7 அன்று, இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வலைப் பரிமாறிகள் (சர்வர்கள்), அஞ்சல் பரிமாறிகள் என்று கணக்கற்ற நிரல்கள் அதை நம்பியிருந்தன. டெபியன் பயனர்கள் அந்த நிரல்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் பொதிகளைப் புதுப்பித்து, அவற்றைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்தால் போதுமானதாக இருந்தது.

அந்த மறுதொடக்கத்தை மறக்கக் கூடாது. வட்டில் புதிய நிரலகம் வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் பழையதுதான் இருக்கும். உபுண்டு சர்வரின் சில வெளியீடுகளில் பொதிகளைப் புதுப்பித்த பிறகு 'எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யட்டும்' என்று ஊதா நிறத் திரை ஒன்று கேட்பது இதற்காகத்தான். எரிச்சலோடு அதைத் தள்ளிவிடுகிறவர்கள் ஓட்டையை அடைத்ததாக நினைத்துக்கொண்டு திறந்தே வைத்திருக்கிறார்கள்.

அதே ஹார்ட்ப்ளீட் நேரத்தில் எழுந்த இன்னொரு குழப்பம் இன்றும் தீரவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் குழு வெளியிட்ட திருத்தப்பட்ட பதிப்பு 1.0.1ஜி. ஆனால் டெபியன் 7இல் புதுப்பித்த பிறகும் பதிப்பு எண் 1.0.1இ என்றே தொடங்கியது. ஓட்டை இன்னும் இருக்கிறது என்று பலர் பதறினார்கள். நிலையான வெளியீட்டில் டெபியன் பொதுவாகப் புதிய பதிப்பைக் கொண்டுவருவதில்லை. பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் அடைத்து, எண்ணின் வாலை மாற்றுகிறது. முழு எண் 1.0.1இ-2+டெப்7யு5. அந்த வாலில் உள்ள 'யு5' என்பது டெபியன் 7க்காக அந்தப் பொதியில் செய்யப்பட்ட ஐந்தாவது திருத்தம். எனவே 'ஆப்ட் பழைய பதிப்பைத்தான் தருகிறது, அதனால் பாதுகாப்பில்லை' என்ற முடிவுக்கு வருமுன் எண்ணின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். லிப்ரேஆபீஸ் பழையதாகத் தெரிவதற்கும் இந்தக் கொள்கை ஒரு காரணம்.

பட்டியல் வேறு, பொருள் வேறு

தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம்.

1. 'ஆப்ட் அப்டேட்' எந்த மென்பொருளையும் தொடுவதில்லை. களஞ்சியங்களில் (பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணைய இடங்களில்) இப்போது என்னென்ன பொதிகள், எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்ற பட்டியலை மட்டும் இறக்கி உங்கள் வட்டில் வைக்கிறது.

2. 'ஆப்ட் அப்கிரேட்' அந்தப் பட்டியலை, நிறுவப்பட்டிருக்கும் பொதிகளோடு ஒப்பிட்டு, புதியவற்றை இறக்கி நிறுவுகிறது. எதையும் நீக்காது. ஒரு பொதியைப் புதுப்பிக்க இன்னொன்றை நீக்கியாக வேண்டும் என்றால் அந்தப் பொதியை அப்படியே விட்டுவிடும்.

3. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' அதே வேலையைச் செய்கிறது, ஆனால் தேவைப்பட்டால் பொதிகளை நீக்கவும் செய்யும்.

4. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று பெயர் கொடுத்தால், வட்டில் இருக்கும் பட்டியலை நம்பித்தான் கணக்குப் போடும். பட்டியல் மூன்று மாதப் பழையது என்றால் கணக்கும் மூன்று மாதப் பழையது.

நான்காவதிலிருந்துதான் '404' பிழை பிறக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் களஞ்சியத்தில் பழைய டெப் கோப்பு நீங்கிப் புதியது வருகிறது. உங்கள் கணினியோ பழைய பட்டியலில் உள்ள கோப்பைக் கேட்கிறது, 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வருகிறது. இணையத்திலும் கோளாறு இல்லை, களஞ்சியத்திலும் கோளாறு இல்லை. அப்டேட் ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்டேட் ஓடும்போது வரிகளின் தொடக்கத்தில் வரும் சொற்களுக்கும் பொருள் உண்டு. 'ஹிட்' என்றால் பட்டியல் மாறவில்லை, இருப்பதே போதும். 'கெட்' என்றால் புதியது இறக்கப்படுகிறது. 'இக்ன்' என்றால் அந்தக் கோப்பு கிடைக்கவில்லை, ஆனாலும் பெரும்பாலும் பாதகமில்லை. 'எர்' என்றால் நிறுத்திப் படிக்க வேண்டும்.

ஆம் போடுவதற்கு முன் வரும் சில வரிகள்

ஆப்ட் கணக்குப் போட்டு முடித்ததும் ஒரு சுருக்கம் காட்டி, ஆமா ('ஒய்') வேண்டாமா ('என்') என்று கேட்கும். என்னைப் பொறுத்தவரை மொத்த ஆப்டிலும் மிக முக்கியமான இடம் இதுதான். புதிதாக நிறுவப்படுபவை, புதுப்பிக்கப்படுபவை, நீக்கப்படுபவை என்று தனித்தனித் தலைப்பில் பெயர்கள் வரும். கடைசியில் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும், எவ்வளவு இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் போகும் என்ற கணக்கும் இருக்கும். நீக்கப்படுபவற்றின் எண்ணிக்கை சுழியமா என்று பார்க்க ஒரு நொடி போதும். சுழியமாக இல்லாவிட்டால் பெயர்களைப் படித்தாக வேண்டும்.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் உலகமே பார்த்தது. கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், விண்டோஸை விட்டு லினக்ஸில் விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இறங்கியிருந்தார். அவர் தேர்ந்தெடுத்தது சிஸ்டம்76 நிறுவனத்தின் பாப் ஓஎஸ். விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளை வரைகலைக் கடையில் நிறுவப் பார்த்தார், அது பிழை காட்டி மறுத்தது. சரி என்று டெர்மினலுக்குப் போய் ஆப்ட்-கெட் மூலம் நிறுவச் சொன்னார். நீக்கப்படவிருந்த பொதிகளின் நீண்ட பட்டியல் வந்தது, அதில் அந்த இயங்குதளத்தின் மேசைச்சூழலே (சாளரங்களையும் படவுருக்களையும் காட்டும் பகுதி) இருந்தது. இது ஆபத்தான செயல், தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்ற ஆங்கில வாக்கியத்தைத் தட்டுங்கள் என்று ஆப்ட் எச்சரித்தது. அவர் தட்டினார். அதன்பின் கணினியில் மிஞ்சியது கறுப்புத் திரையும் எழுத்துகளும்தான்.

ஸ்டீமை நிறுவினால் மேசைச்சூழல் ஏன் போக வேண்டும்? ஸ்டீம் 32 பிட் நிரல், கணினியோ 64 பிட். ஒரே நிரலகத்தின் 32 பிட் வடிவமும் 64 பிட் வடிவமும் அருகருகே இருக்கலாம், ஆனால் இரண்டும் துல்லியமாக ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது டெபியன் வழி வந்த அமைப்புகளின் விதி. அன்று களஞ்சியத்தில் இரண்டுக்கும் பதிப்பு பொருந்தவில்லை. ஸ்டீம் கட்டாயம் வேண்டும் என்று பயனர் கேட்டதால், அதற்குத் தடையாக நின்ற 64 பிட் நிரலகத்தையும் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் நீக்கினால் கணக்கு நேராகும் என்று ஆப்ட் கண்டுபிடித்தது. கணக்கு என்ற அளவில் அது சரியான விடை. மனிதர் ஒருவர் அந்த விடையை ஒருபோதும் விரும்பமாட்டார் என்பது ஆப்டுக்குத் தெரியாது.

இதைப் பயனரின் கவனக்குறைவு என்று மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை. வழிகாட்டிகள் எல்லாம் 'ஒய் தட்டு' என்றே பழக்கியிருக்கின்றன, சில 'கேட்காமலே செய்' என்ற தெரிவையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கின்றன. ஆப்டை உருவாக்குகிறவர்களும் இதை உணர்ந்தார்கள். அதே மாதம் வந்த 2.3.12 பதிப்பில், அத்தியாவசியப் பொதிகளை நீக்க அந்த வாக்கியத்தைத் தட்டினால் போதும் என்ற வழியை எடுத்துவிட்டார்கள். தெரிந்தே தனித் தெரிவைக் கொடுத்தால்தான் இனி நடக்கும். 2025இல் வந்த ஆப்ட் 3.0, நீக்கப்படுபவற்றைச் சிவப்பு நிறத்தில், தனி வரிசைகளாக அடுக்கிக் காட்டுகிறது.

'நிறுத்தி வைக்கப்பட்டவை' என்ற வரி

அப்கிரேட் கொடுத்த பிறகும் சில பொதிகள் புதுப்பிக்கப்படாமல் நிற்கும். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

1. அவற்றைப் புதுப்பிக்க எதையாவது நீக்க வேண்டியிருக்கிறது. ஃபுல்-அப்கிரேட் கொடுத்து, வரும் பட்டியலைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

2. யாரோ அந்தப் பொதியை நகரக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டால் சொல்லிவிடும்.

3. உபுண்டு தவணை முறையில் வெளியிடுகிறது.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. புதிய பதிப்பில் எதிர்பாராத பழுது இருந்தால் எல்லாக் கணினிகளும் ஒரே நாளில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முதலில் ஒரு சிறு பங்குக் கணினிகளுக்கு மட்டும் கொடுத்து, பழுது வரவில்லை என்றால் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். உங்கள் கணினிக்கு முறை எப்போது என்பதை, அதற்குள் இருக்கும் தனி அடையாள எண்ணையும் பொதியின் பெயரையும் பதிப்பையும் வைத்து ஆப்டே கணக்கிடுகிறது. அதனால் பக்கத்து மேசைக் கணினியில் வந்தது உங்களுடையதில் வராமல் இருக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்தத் தவணை இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக வரும். பெயரைச் சொல்லி வலிந்து நிறுவலாம்தான், ஆனால் சோதனைக் கட்டத்தில் நீங்களே வலியப் போய்ச் சேருவதற்கு அது சமம்.

உபுண்டுவில் 'இந்தத் திருத்தங்களுக்கு உபுண்டு ப்ரோ தேவை' என்ற வரியும் வரும். அது வேறு சங்கதி. 'மெயின்' என்ற பிரிவை உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமே பராமரிக்கிறது, மிகப் பெரிய 'யூனிவர்ஸ்' பிரிவு சமூகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பிரிவுக்கும் நிறுவனமே தரும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற, கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை கட்டணமில்லை.

யாரை நம்பி நிறுவுகிறோம்

டெபியன் களஞ்சியங்களின் முகவரிகள் நெடுங்காலம் குறியாக்கம் இல்லாத எச்டிடிபியாகவே இருந்தன, பல இடங்களில் இன்றும் அப்படித்தான். வழியில் ஒருவர் கோப்பை மாற்றிவிட முடியாதா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தடுக்க ஒரு சங்கிலி இருக்கிறது:

1. ஒவ்வொரு டெப் கோப்புக்கும் ஷா-256 முறையில் ஒரு கைரேகை எண் கணக்கிடப்பட்டு, பொதிப் பட்டியலில் எழுதப்படுகிறது.

2. அந்தப் பட்டியலுக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. அது 'இன்ரிலீஸ்' என்ற தலைமைக் கோப்பில் இருக்கிறது.

3. தலைமைக் கோப்பில் களஞ்சியத்தின் மறைக்குறிச் சாவியால் கையொப்பம் இடப்படுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

நடுவில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் எண்கள் பொருந்தாது, ஆப்ட் மறுத்துவிடும். தலைமைக் கோப்பில் தேதியும் உண்டு. அதனால்தான் சொந்தமாகக் கடிகார வசதி இல்லாத பழைய ராஸ்ப்பெரி பை பலகைகளில், நேரம் பின்தங்கியிருக்கும்போது 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற விசித்திரமான பிழை வருகிறது. கடிகாரத்தைச் சரிசெய்தால் போதும்.

சங்கிலி வலுவானது, ஆனால் அதைச் சரிபார்க்கும் நிரலிலேயே பழுது இருந்தால்? 2019 ஜனவரியில் அப்படி ஒன்று வெளிப்பட்டது. வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதிலை ஆப்ட் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாக, இடையில் இருப்பவர் போலிக் கைரேகை எண்ணை ஊட்டிவிட முடிந்தது. உடனே திருத்தம் வந்தது. குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் தேவையில்லை என்று அதுவரை வாதாடியவர்களின் குரல் அதன்பின் வலுவிழந்தது.

இந்தச் சங்கிலி உறுதி செய்வது ஒன்றை மட்டும்தான்: களஞ்சியத்தார் வைத்த கோப்பு மாறாமல் உங்களிடம் வந்தது. அவர்கள் வைத்ததே நஞ்சாக இருந்தால் கையொப்பம் காப்பாற்றாது.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட தகவல் இதைத் தெளிவாக்கியது. டெபியனின் சோதனை வெளியீடு ஒன்றில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிப் போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒரு கணக்குதான் அதை நுழைத்திருந்தது. மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி வெளியே கிடந்தாலும், பின்கதவைத் தூண்டும் பகுதி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. டெபியனின் சோதனைப் பிரிவுகளுக்கும் வேறு சில வழங்கல்களின் முன்னோட்டங்களுக்கும் அது போய்விட்டது. டெபியன் நிலையான வெளியீட்டில் அப்போது இருந்தது 5.4.1, எனவே தப்பியது. பழைய பதிப்பைத் தருகிறது என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் அதே மந்தம்தான் அன்று காப்பாற்றியது.

டெபியன் பராமரிப்பாளர்கள் அவசரமாக வெளியிட்ட மாற்றுப் பொதியின் பதிப்பு எண் 5.6.1+ரியலி5.4.5-1. ஆப்ட் எப்போதும் மேல்நோக்கியே நகரும். 5.4.5 என்று எண்ணிட்டு வெளியிட்டால், 5.6.1 நிறுவிய கணினிகள் அதைப் பழையது என்று ஒதுக்கிவிடும். எனவே எண்ணில் 5.6.1ஐவிடப் பெரியதாகவும், உள்ளடக்கத்தில் பழைய 5.4.5 ஆகவும் இருக்கும்படி பெயர் வைத்தார்கள். பின்கதவு இருந்த டெபியன் கணினிகள் வழக்கமான அப்டேட், அப்கிரேடிலேயே பாதுகாப்பான பதிப்புக்குப் போக முடிந்தது.

முதன்மைக் களஞ்சியத்திலேயே இவ்வளவு என்றால், வெளிக் களஞ்சியங்களைச் சேர்க்கும்போது இன்னும் யோசிக்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் 'ஆப்ட்-கீ' கட்டளையால் சாவியைச் சேர்க்கச் சொல்லும். அப்படிச் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகும். ஏதோ ஓர் ஒலிப்பான் நிரலுக்காகச் சேர்த்த சாவியின் உரிமையாளர், டெபியனின் பெயரிலேயே பொதிக்குக் கையொப்பமிடும் தகுதியைப் பெற்றுவிடுகிறார். அதனால்தான் அந்த வழி கைவிடப்பட்டது. இப்போது சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, குறிப்பிட்ட களஞ்சியத்தின் வரியில் 'சைன்ட்-பை' என்று சுட்டுகிறார்கள், அந்தச் சாவி அங்கு மட்டும் செல்லும். ஆப்ட்-கீ சொல்லும் வழிகாட்டியைக் கண்டால் அது காலாவதியானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் நின்றுபோனால்

'பூட்டைப் பெற முடியவில்லை' என்ற பிழை, வேறொரு நிரல் பொதிகளைக் கையாண்டுகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். உபுண்டுவில் பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பிப்பாக அது இருக்கும். சில நிமிடம் காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் குறுக்கு வழி இணையத்தில் நிறையப் பரவியிருக்கிறது, அதைச் செய்யவே கூடாது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிப் பதிவேட்டில் எழுதினால் பதிவேடு சிதைந்துவிடும்.

நிறுவும்போது மின்சாரம் போய்விட்டால் சில பொதிகள் பாதியில் நிற்கும். 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' விட்ட இடத்திலிருந்து முடிக்கும். சார்புகள் அறுந்திருந்தால் அடுத்து 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. பெரும்பாலான நேரங்களில் இந்த இரண்டே போதும்.

அப்டேட் கொடுத்தாலே எல்லா வரிகளும் 404 என்று வந்தால், உங்கள் வெளியீட்டின் ஆயுள் முடிந்திருக்கலாம். உபுண்டுவின் நீண்ட ஆதரவு வெளியீட்டுக்கு ஐந்து ஆண்டுகள், இடைக்கால வெளியீட்டுக்கு ஒன்பதே மாதங்கள். இடைக்கால வெளியீட்டின் ஆயுள் முடிந்த பிறகு அதன் கோப்புகள் பழையவற்றுக்கான தனி முகவரிக்கு மாற்றப்படும். முகவரியைத் திருத்தினால் பொதிகள் கிடைக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. அடுத்த வெளியீட்டுக்குப் போவதுதான் வழி.

நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை, என்ன மாறியது என்று தேடுகிறவர்களுக்கு ஆப்டே பதில் எழுதி வைத்திருக்கிறது. 'வார்' அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி' என்ற கோப்பு. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால், எவை நிறுவப்பட்டன, எவை எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போயின, எவை நீக்கப்பட்டன என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பத்தி இருக்கும். பின்னணியில் தானாக நடந்தவையும் அதில் பதிவாகும். உதவி கேட்டு எங்காவது எழுதும்போது அந்தப் பத்தியையும் சேர்த்துக் கொடுத்தால், பதில் சொல்பவருக்குப் பாதி வேலை குறையும்.